செவ்வந்திக்குப் பிடித்தது

இராமநாதபுரம்
6-4-1958

தம்பி குருநாதனுக்கு,

முருகேஸ்வரி எழுதுவது. உங்கள் சகலையும் நானும் சுகம். நேற்று சந்தைக்கு வந்த உங்கள் ஊர் வீரையா சொன்னான். ஆறு வயசுப் பூமயில் அடுப்படியில் தோசை வார்க்கிறாளாம். நாலு வயசு உக்கிரபாண்டி அம்மி முன்னால் உட்கார்ந்து அரைக்கிறானாம். நீங்கள் பக்கத்தில் நின்று சிரிக்கிறீர்களாம். பிள்ளையின் விரலில் கொப்புளம் வேறே. என் தங்கச்சி இருந்தால் இது நடக்குமா?

நான் பெறாவிட்டாலும் பெரியம்மா. செவ்வந்தியின் முதல் வருசத் திவசம் முடிந்த கையோடு இரண்டு பேரையும் இங்கே கூட்டி வந்துவிடுவேன். பள்ளிக்கூடம் பக்கம், நேரத்துக்குச் சோறு. ஆம்பிளை தனியாக வளர்த்து ஆகிற காரியமா இது? மறுத்து எழுத வேண்டாம்.

முருகேஸ்வரி


ஆவரங்குடி, தொண்டி வழி
11-4-1958

மதினிக்கு,

குருநாதன் எழுதுவது. மறுத்துத்தான் எழுதுகிறேன், வேண்டுமானால் கோபித்துக்கொள்ளுங்கள். கொப்புளம் நிசம்தான், ஆறிவிட்டது. இப்போது தீ மட்டும் என் பொறுப்பு. மற்றதெல்லாம் அவர்கள் ராஜ்யம்.

போன வாரம் பூமயில், திருப்பாலைக்குடியில் பார்த்த தோணியைக் கொழுக்கட்டை மாவில் பிடித்து, கருப்பட்டிப் பூரணத்தைச் சரக்காக ஏற்றி அவித்தாள். பாதித் தோணி பானைக்குள்ளேயே கவிழ்ந்துவிட்டது. "அடுத்த தடவ ஓரத்தத் தடிமனாப் பிடிக்கணும் அய்யா" என்று அவளே கண்டுபிடித்தாள். சின்னவன் புளியங்கொழுந்தைப் பறித்து வந்து துவையலில் போடச் சொன்னான். முகம் சுளித்தவனும் நான்தான், இரண்டாம் உருண்டை கேட்டவனும் நான்தான். இவர்களை அடுப்படிக்கு வெளியே உட்காரவைத்துச் சோறு போட்டால் வாடிப்போவார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். திவசப் படையலைத் தாங்களே ஆக்குவோம் என்கிறார்கள். "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை மதினி. எங்களுக்குப் பிடித்ததைத்தான் அவள் ஆக்கினாள். கூடப் பிறந்த நீங்கள் சொல்லுங்கள்.

குருநாதன்


இராமநாதபுரம்
16-4-1958

தம்பிக்கு,

எனக்கும் நினைவில்லை. மூத்தவள் என்று எனக்குப் பிடித்ததைத்தான் எங்கள் வீட்டில் செய்தார்கள். அவள் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. ஊர் வைக்கிற வடை, பாயசத்தையே வையுங்கள். பிள்ளைகளின் துணிமணியைக் கட்டி வையுங்கள். திவசத்தன்று வாரேன்.

முருகேஸ்வரி


இராமநாதபுரம்
29-4-1958

தம்பிக்கு,

திவசத்தன்று உங்களிடம் சொல்லாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன். கோபமாக இருப்பீர்கள்.

நீங்கள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் என்னை இழுத்துப்போய்ப் படையல் சட்டியைத் திறந்து காட்டினார்கள். சோறு, கீரை, பயறு, கத்தரிக்காய், ரசம் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. "இதென்னடி கூத்து?" என்று அதட்டினேன்.

"எல்லாரும் தின்ன பெறகு அம்மா மிச்சத்தையெல்லாம் ஒண்ணாப் பெசஞ்சுதான் திங்கும் பெரியம்மா. வேற எதையும் தின்னு நாங்க பாத்ததில்ல" என்றாள் பூமயில். "ஆனா அதுக்கு ஆறிப்போனதுதான் கெடைக்கும். அதான் இன்னைக்குச் சூடா ஆக்குனோம்."

"கொழுந்து நான் போட்டேன். அம்மா அதத் தின்னதே இல்ல" என்றான் சின்னவன்.

அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். எனக்குத் தோன்றாதது அந்தப் பிஞ்சுகளுக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே வந்தால் என் அடுப்படியில் அவர்களைக் கைவைக்க விட மாட்டேன் தம்பி. என் குணம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் உங்களிடமே இருக்கட்டும்.

வீரையாவிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். இரண்டு தட்டு இருக்கும். இங்கே வந்துவிடுவார்கள் என்று தை மாசமே இருவர் பேரையும் வெட்டி வாங்கி வைத்தேன். அங்கேயே அதில் சாப்பிடட்டும்.

மதினி
முருகேஸ்வரி