ராகு காலத்துக்கு முன் தொடங்கிய சர்வர்

அக்கா,

புத்தூர் சாலையில் பஸ் திரும்புகிற இடத்தில் இன்று மறுபடியும் அந்த வாசனை வந்தது. பெங்களூரா ரக மாம்பழம் வெந்து கூழாகிற வாசனை. என்னோடு படிக்கிறவர்கள் மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்கள். நான் சன்னலைச் சாத்தினேன். பின்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம், "இந்தப் பொண்ணோட அக்காதான் ஃபேக்டரி சர்வரைக் கெடுத்தது. அந்த சீசன்ல என் காய் மொத்தமும் ஃபேக்டரி கேட்டுலயே அழுகிப்போச்சு" என்றார். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

நீ போன பிறகும் உன்னை அப்படித்தான் சொல்கிறார்கள். சர்வரைக் கெடுத்த பொண்ணு.

திருப்பதியில் எம்.சி.ஏ. முடித்ததும் உன்னோடு படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனார்கள். நீ மட்டும் வீட்டிலிருந்தே போய்வருகிற தூரத்தில், இந்தக் கூழ் ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தாய். எந்த விவசாயி, எந்த ஊர்த் தோப்பு, எத்தனை டன் காய், யாருக்கு எந்த நாளில் முறை, எல்லாம் உன் டேட்டாபேஸ் சர்வரில் இருந்தன. "கேட்டுல பேரைத் தட்டினா ஸ்கிரீன்ல ஆள் வரணும். அவ்ளோதான் என் வேலை" என்பாய். நைனா அதையே ஊர் முழுக்கப் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் சீசன் நடுவில் சர்வருக்குப் புதிய அப்டேட் போடச் சொன்னார்கள். கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள், பழைய சாஃப்ட்வேரில் பாதுகாப்புக் குறைகள் இருப்பதைப் பார்த்தால் ஒப்பந்தம் கிடைக்காது என்றார் மேனேஜர். சீசன் முடியட்டும் என்று நீ கேட்டுப்பார்த்தாய். நடக்கவில்லை. அப்டேட்டோடு வந்த குறிப்புகளை அச்செடுத்து வந்து, இட்லி தின்னும்போதுகூடப் படித்துக்கொண்டிருந்தாய். முதல் பகுதியில் எந்தெந்தக் குறைகளைச் சரிசெய்தார்கள் என்று இருந்தது. கடைசியில், அப்டேட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. நான் எட்டிப் பார்த்தேன்.

"டிக்ஷனரி, சட்னிக் கையால தொடாத" என்றாய். நான் எந்நேரமும் ஏதாவது படித்துக்கொண்டிருப்பதால் நீ எனக்கு வைத்த பெயர் அது. "உனக்குப் புரியிற மாதிரியே சொல்றேன். தெலுங்கு எழுத்துல இருக்கிற பேருங்களைப் பழைய வெர்ஷன் தப்பான வரிசையில அடுக்கி வச்சிருக்குது. தேடும்போதும் அதே தப்பான வரிசையில தேடும். அதனால கிடைச்சுடும். புதுசு சரியான வரிசையில தேடும்."

"அப்போ நல்லதுதானே?"

"தேடுறதுதான் சரியாகும். ஏற்கெனவே அடுக்கினதை அது திருப்பி அடுக்காது. இன்டெக்ஸ், அதான் அந்த அடுக்கு, அதை நாமதான் மறுபடி கட்டணும். கட்டலைன்னா பேரு உள்ளயே இருக்கும், இல்லைன்னு சொல்லும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "இருக்கிற ஆளை இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு மிஷினா?" என்று கேட்டாள். நீ புரையேறும்வரை சிரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனாய். சர்வர் அறையின் குளிரில் நான் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவருகே வாழைப்பழம், கற்பூரம், மஞ்சள் பூசிய தேங்காய். நம் பக்கத்தில் புது லாரிக்கும் புது மோட்டாருக்கும் செய்வதை இந்த அப்டேட்டுக்கும் செய்ய முதலாளி வந்திருந்தார். அப்டேட் நல்லபடியாக ஏறியது. இன்டெக்ஸ் கட்டுவதுதான் மிச்சம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?"

"இன்டெக்ஸ் கட்ட மூணு மணி நேரம் ஆகும் சார். அதுவரைக்கும் கேட்டைத் திறக்க முடியாது."

"நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணியாகணும். முதலாளி தேங்காயைக் கையில வச்சிகினு நிக்கறாரு, நீ மூணு மணி நேரம்ன்ற."

"ராகு காலம் முடிஞ்சு ஆறு மணிக்கு மேல பூஜை வச்சுக்கலாம் சார். இதைப் படிங்க, இங்க போட்டிருக்குது."

அவர் குறிப்புகளை வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தைத்தான் பார்த்தார். "எல்லாம் சரிபண்ணியாச்சுன்னு இதுலயே போட்டிருக்குதே. அப்புறம் என்னா சந்தேகம் உனக்கு? பூஜை போட்டு ஸ்டார்ட் பண்ணதை நடுவுல நிறுத்தக்கூடாது. அந்த இன்டெக்ஸை சீசன் முடிஞ்சு கட்டிக்கோ" என்றார். முதலாளி தேங்காயை உடைத்தார். மூடி இரண்டும் சமமாக விழுந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். நீ மட்டும் பிரசாதத்தைக் கையிலேயே வைத்திருந்தாய். வெளியே வந்ததும் அதை என்னிடம் கொடுத்தாய்.

மறுநாள் கேட்டில் பெயர்களைத் தட்டினார்கள். சிலருக்கு ஆள் வந்தது. பலருக்கு அப்படி யாரும் இல்லை என்று வந்தது. டிராக்டர்கள் சாலைவரை நின்றன, மாங்காய் வெயிலில் காய்ந்தது. சீசன் நடுவில் நிறுத்தக்கூடாது என்று அன்றும் உன்னை இன்டெக்ஸ் கட்ட விடவில்லை. "மூணு வருசமா இந்தக் கேட்டுல காய் போட்டுகினு இருக்கேன், நான் இல்லவே இல்லையாம்" என்று ஒருவர் கத்தியதை நீ வந்து சொன்னாய். சொல்லும்போது அவருக்காக அழுதாய். உனக்கு என்ன வரப்போகிறது என்று அப்போது நீ யோசிக்கவில்லை.

வந்தது. சர்வரில் கைவைத்தது நீதான் என்று மேனேஜர் கேட்டிலேயே எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அனுபவச் சான்றிதழும் தரவில்லை. அது இல்லாமல் பெங்களூரில் எந்த டேட்டாபேஸ் வேலைக்கும் உன்னை உள்ளே விடவில்லை. யாருக்கோ வந்த கடன் அட்டைப் புகாரை ஃபோனில் கேட்கிற வேலைதான் கிடைத்தது. ஹாஸ்டலில் காய்ச்சலோடு படுத்திருந்தவள், லீவு எடுத்தால் அதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று மறுபடி ஷிஃப்டுக்குப் போயிருக்கிறாய். உன்னை நாங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நீ எங்களைப் பார்க்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ பெங்களூர் போன பிறகு சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் செய்தது இன்டெக்ஸைத் திரும்பக் கட்டியது மட்டும்தான். எல்லாப் பெயர்களும் வந்துவிட்டன. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அது நைனாவின் காதுக்கு எட்டி, போய்க் கேட்டார். "அதான் சரியாப்போச்சே, இப்போ இன்னாத்துக்கு?" என்றாராம் மேனேஜர். அவர்களுக்குச் சரியாகிவிட்டது. உன் விஷயத்தை யாரும் திருப்பி அடுக்கவில்லை.

அதனால்தான் இன்று பஸ்ஸில் எழுந்து பின்சீட்டுக்குப் போனேன். பெரியவர் சங்கடப்பட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். நாகலாபுரத்துக்காரர். கேட்டில் கத்தியவர் அவராகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. இட்லித் தட்டிலிருந்து தேங்காய்வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்போ என் பேரு உள்ளயேதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு பெரியப்பா. அதுக்குத் தேடத் தெரியல. அக்கா முன்னாடியே சொல்லிச்சு."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கூழ் வாசனை எப்போதோ போயிருந்தது. பிறகு, "உங்க அக்கா பேரு இன்னா?" என்று கேட்டார்.

சொன்னேன். ஒருமுறை தனக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டார். உன்னைத் திட்டியவர்களில் உன் பெயரைக் கேட்டவர் இவர் ஒருவர்தான் அக்கா. அந்தக் கேட்டில் அன்று நின்றவர்கள் இன்னும் எத்தனையோ பேர். சாலை முழுக்க அவர்கள் ஊர்கள்தான் இருக்கின்றன. நான் தினமும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன்.