அத்தைக்கு முன்னால் பேசிய வாய்

அன்புள்ள சேமிசிக்கு,

நம் வழக்கத்தை மீறியவன் நீ, உன் தங்கை இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் கேட்கிறேன். சிட்னிக் குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே அப்பாவுக்கு மூட்டுவலி, பன்றி வேலியை உடைத்துப் பக்கத்து வீட்டுச் சேப்பங்கிழங்கைத் தின்று ஒரே சண்டை, மற்றபடி கடவுள் புண்ணியத்தில் ஓடுகிறது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அத்தை சொல்லிக் கேட்டாய், இப்போது நான் சொல்கிறேன், கேள். தங்கையின் மார்பைப் பற்றிய வார்த்தை அண்ணன் காதில் விழக்கூடாது என்று, அனசேயினிக்கு உடம்பு சரியில்லை என்றே உனக்கு இதுவரை சொன்னோம். இனி அப்படிச் சொல்ல மாட்டேன், மார்பில் புற்றுநோய், கட்டியை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கொஞ்ச நாளாக முதுகில் வலி, படுத்தால் எழ முடியவில்லை. டாக்டரிடம் போனோம். அப்பாவின் அக்கா, குடும்பத்தில் எல்லோருக்கும் மேலே என்பதால் லோசேலி அத்தைதான் முன்னால் உட்கார்ந்தார், நான் வாசல் ஓரம். டாக்டரும் இவளைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தே எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பெரிய மனிதரிடம் குறை சொல்வது மரியாதை இல்லை அல்லவா, அத்தை உடனே, ஒரு குறையும் இல்ல டாக்டர், நல்லா சாப்பிடுறா, சர்ச்ல பாடுறா, எல்லாம் உங்க தயவு என்றார். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம், டாக்டருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

அப்போது உன் தங்கை, மன்னிச்சுக்கங்க அத்தை, வலி எனக்குத்தானே, நானே சொல்றேன் என்றாள். எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது, எல்லாம் நிறுத்தாமல் சொன்னாள். பாய் பின்னுறவங்களுக்கு முதுகு வலிக்கத்தாம்மா செய்யும் என்று டாக்டர் சிரித்தார். அந்த வலி எனக்குத் தெரியும் டாக்டர், சின்ன வயசுலேர்ந்து பின்னுறேன், இது வேற, எனக்கு ஸ்கேன் வேணும், தேவையில்லன்னா தேவையில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க என்றாள். கையெழுத்துப் போட்டார், ஸ்கேனுக்கு. நான் பெற்ற பிள்ளையா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் திறக்காத எத்தனை பெண்களை நாம் மரியாதையாகப் புதைத்திருக்கிறோம், சேமிசி.

வீட்டுக்கு வந்ததும் அத்தை காலடியில் தரையில் உட்கார்ந்தாள். குறுக்கே பேசினதுக்கு மன்னிப்புக் கேக்குறேன், பேசினதுக்கு இல்ல என்றாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவளுக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. பயம் வந்தால் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சத்தமாகப் பாடுகிறாள், ஆஸ்பத்திரியில் பழகிய இரண்டு பெண்களும் வந்து கூட நிற்கிறார்கள். யாருக்குடி ஞானஸ்நானம் என்று படகுக்காரன் ஒருவன் கிண்டல் பண்ணினான், உனக்குத்தான், வா, முக்கி எடுக்கிறோம் என்றாள். அன்றிலிருந்து அவன் படகை அந்தப் பக்கமே கொண்டுவருவதில்லை.

ஸ்கேனுக்குத் தலைநகரத் தீவுக்குப் போக வேண்டும். போனால் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார் அத்தை. அப்பா பன்றி வேலியைக் கட்டுகிறேன் என்று எழுந்து போய்விட்டார். நீ போன் போட்டு, வாய மூடிக்கிட்டு அத்தை கால்ல விழு, ஸ்கேனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் என்றிருக்கிறாய். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. உடன்பிறந்தவள் அண்ணன் தம்பிக்கு மேலே என்பதுதான் நம் வழக்கம், அத்தை உன் அப்பாவுக்கு மேலே என்றால் உன் தங்கை உனக்கு மேலே, உன் மகளுக்கு அத்தை அவள்தான். அந்த மரியாதையெல்லாம் நோய் இல்லாத பெண்ணுக்கு மட்டும்தானா? நீ என்ன சொன்னாலும் அவள் போகத்தான் போகிறாள், துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டாள். என்னைத் தவிர வீட்டில் ஒருவர்கூடத் தன் பக்கம் இல்லை என்ற நினைப்போடு கப்பல் ஏறக் கூடாது, அதுதான் என் கவலை.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். பேத்திக்கு என் முத்தம். வேலைக்குப் போகும்போது கம்பளிச் சட்டையை மறக்காதே.

உன் அம்மா,
வாசிதி

மாதக் கடைசியில் கப்பல். அதற்குள் தங்கையைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, நீ போ என்று சொல். போனில் இரண்டு முறை இதையே கேட்டேன், இரண்டு முறையும் பேச்சை மாற்றிவிட்டாய். இப்போது எழுதிக் கேட்கிறேன், சொல்வாயா, மாட்டாயா?