கம்பி விட்டுப்போன டிரைவ்

இன்று மதியம் பீரோவின் அடித்தட்டில் கன்னடப் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரிப்பதற்கு முன்பே உள்ளே என்ன என்று தெரிந்துவிட்டது. உன் லேப்டாப்பின் ஃபிளாப்பி டிரைவ். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை இத்தனை வருஷம் கழித்தும் அதைவிட்டுப் போகவில்லை. பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிட்டது.

ஈஜிபுராவில் நாம் சேர்ந்து நடத்திய ரிப்பேர் கடையில் என்னை ‘மேஸ்திரி’ என்று கூப்பிட்டு, வருகிறவர்கள் முன்னால் மானத்தை வாங்குவாய். ஒருமுறை யாரோ கொண்டுவந்த ஃபிளாப்பியிலிருந்து வைரஸ் பரவி, கடையில் இருந்த அத்தனை மெஷினும் படுத்துவிட்டன. அன்று பிடித்துக்கொண்டது உனக்கு அந்த வழக்கம். எந்த மெஷின் நம் கையை விட்டுப் போனாலும், ஆன் செய்ததும் உள்ளே போய் மாற்றுகிற செட்டப்பில் ஃபிளாப்பி டிரைவை ‘இல்லை’ என்று மாற்றிவிட்டுத்தான் கொடுப்பாய். “கதவ சாத்தியாச்சு மேஸ்திரி. இனி வைரஸ் வெளியவே நிக்கட்டும்” என்பாய். டிரைவ் வேலை செய்யவில்லை என்று ஆட்கள் திரும்பி வந்து கத்துவார்கள். திட்டு வாங்குவது நான்.

நீ போன மூன்றாவது வாரம் உன் மனைவி கலா நீலசந்திராவிலிருந்து கடைக்கு வந்தாள். கையில் உன் லேப்டாப், ஒரே ஒரு ஃபிளாப்பி. லேபிளில் உன் கோணல் கையெழுத்தில் ‘கலா’ என்று இருந்தது.

“ஆஸ்பத்திரியில எல்லாருகிட்டயும் நல்லாத்தான் பேசினாருக்கா. எங்கிட்ட மட்டும் வாயே தொறக்கல. எம்மேல என்ன கோவம்னு தெரியாமலே போயிட்டாரு. அட்மிட் ஆகுறதுக்கு மொத நாள் இதுல என்னமோ தட்டிக்கிட்டு இருந்தாரு.”

டிஸ்கைப் போட்டேன். அப்படி ஒரு டிரைவே இல்லை என்றது லேப்டாப். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினேன். கேபிளை அழுத்திப் பார்த்தேன். விளக்குகூட எரியவில்லை. கலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் போன பிறகுதான் என் மரமண்டைக்கு எட்டியது. எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் உன் சொந்த லேப்டாப்புக்கும் கதவைச் சாத்திவிட்டிருக்கிறாய். செட்டப்பில் மாற்றினேன். டிரைவ் கர்ரென்று செருமியது. நீ பேச ஆரம்பிக்கும் முன் செருமுவாயே, அதே மாதிரி. கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிஸ்கின் பட்டியலில் ஒரே ஒரு ஃபைல். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாய். “கலா, டிரைவ ஆஃப் பண்ணி வெக்கப்போறேன். வேணும்னா மேஸ்திரிகிட்ட குடு, ஆன் பண்ணித் தருவா.” இதை யாராவது டிஸ்குக்கு உள்ளேயே எழுதி வைப்பார்களா? அழுகைக்கு நடுவில் இருவரும் சிரித்துவிட்டோம். அதற்குக் கீழே: “திரும்பி வந்துடுவேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிடுவேன். உங்கிட்ட பொய் சொல்ல வராது. அதான் பேசாம இருக்கப்போறேன்.” அவ்வளவுதான்.

அவளுக்கு இன்னொரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்று, ஃபைலை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு உன் டிஸ்கை வெளியே எடுத்தேன். புதிய வெற்று டிஸ்கைப் போட்டு, அதில் என்ன இருக்கிறது என்று பட்டியலைக் கேட்டேன். உன் ஃபைல்தான் வந்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டேன். மறுபடியும் நீ. உன் டிஸ்க் மேசைமேல் என் கண்ணெதிரே கிடக்கிறது.

கலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “எடுத்துட்டீங்களேக்கா. இன்னும் உள்ள இருக்காரா?”

எனக்குக் காரணம் தெரியும். டிஸ்கை மாற்றியாகிவிட்டது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல டிரைவில் ஒரு கம்பி உண்டு. அது விட்டுப்போனால் பழைய பட்டியலையே காட்டிக்கொண்டிருக்கும். அப்படியே அவளிடம் சொன்னேன்.

“அப்ப அவரு போனத அதுக்கு யாரும் சொல்லல” என்றாள் கலா.

மறுநாள் அவளுக்கு வேறு டிரைவ் மாட்டிக் கொடுத்தேன். இது என்னிடம் தங்கிவிட்டது. அந்தக் கம்பியைப் பற்றவைக்கப் பத்து நிமிஷம் போதும். கடையை மூடி எவ்வளவோ காலமாகியும் நான் அதைச் செய்யவில்லை. பயம்தான், உன்னிடம் என்ன மறைப்பது. பற்றவைத்துவிட்டால் நீ போன செய்தி அதற்கும் தெரிந்துவிடும். மறுபடியும் பேப்பரில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.