கதவில் ஒட்டிய தாள்

ஜூன் 4
முழங்கால் மறுபடியும் வீங்கிவிட்டது. தையல் கம்பெனியில் கட்டிங் மேசை முன் ஒன்பது வருடம் நின்ற காலுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்? சட்டைத் துண்டுகளைத் துணிமேல் எப்படி அடுக்கி வெட்டுவது என்று இனி கணினியில்தான் வரைய வேண்டுமாம். வீட்டுக் கணினியில் போட்டுப் பழகிப் பார்க்க எல்லோருக்கும் மென்பொருள் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் சோதனை. ஒரே ஒரு நாற்காலி. உட்கார்ந்து பார்க்கும் வேலை! எனக்கு அது வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும்.

ஜூன் 7
இவர் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். உழைப்பு, கவனம், கற்றல் பற்றியது. தான் மூன்று பக்கம் புரட்டிவிட்டு எனக்கு முந்நூறு பக்க உபதேசம். ஆனாலும் படித்தேன். போனை வேறு அறையில் வை, கதவைச் சாத்து, ஒன்றையே செய் என்கிறது. போனைப் பீரோவில் வைத்தேன். கதவில் தாள் ஒட்டினேன்: ‘காலை ஏழு முதல் ஒன்பது வரை யாரும் கூப்பிடக் கூடாது. வீடே எரிந்தாலும்.’

மாமியார் படித்துப் பார்த்து, “ஆமா, மகாராணி தர்பார்ல இருக்காங்க” என்றார்.

ஜூன் 12
மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. நான்காம் அத்தியாயத்தில் ஒரு வழி சொல்லியிருக்கிறது: கற்றதை அன்றன்றே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடு, அப்போதுதான் நிற்கும். யாருக்குச் சொல்வது? சுவருக்கா? நாத்தனாரைப் பிடித்தேன். அவளும் என் மேசையில்தான் கட்டிங் பார்க்கிறாள்.

“எனக்கெதுக்கு அண்ணி கம்ப்யூட்டர்? கண்ணைக் கட்டுது.”

“சும்மா உட்காருடி. உனக்காகவா சொல்றேன்? எனக்காகச் சொல்றேன்.”

ஜூன் 19
ஏறுகிறது! கோடு போட்ட துணியில் சட்டைப் பையின் கோடும் மார்புத் துண்டின் கோடும் சேர வேண்டும். அதை அவளுக்கு விளக்கும்போதுதான் எனக்கே விளங்கியது. புத்தகம் எழுதியவருக்குக் கோயில் கட்டலாம்.

ஜூன் 23, ஞாயிறு
எழுதவே கை வரல.

சோதனை நடத்த வந்திருந்த பயிற்சியாளர் அவசரமாக ஊருக்குக் கிளம்புகிறார் என்று சோதனையை இன்று காலைக்கே மாற்றிவிட்டார்கள். சூப்பர்வைசர் எனக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். போன் பீரோவுக்குள். பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறார். “அண்ணி படிக்கிறாங்க சார், கூப்பிடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிருக்காங்க”ன்னு சொல்லிட்டு இவ கிளம்பிப் போயிட்டா. நான் ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது சோதனையே முடிந்துவிட்டது. கதவைத் தட்ட விரல் இல்லையா இவளுக்கு?

“தட்டினா திட்டுவீங்களேன்னு பயந்துட்டேன் அண்ணி.”

பயமா? பயம் மட்டும்தானா? வீடே எரிந்தாலும் என்று எழுதியது நான்தானே — எதைச் சொல்லி அவளிடம் சண்டை போடுவது?

ஜூன் 24
அவளுக்கே கிடைத்துவிட்டது.

“கோடு போட்ட துணியை என்ன அழகா அடுக்கினாம்மா! யாரு சொல்லிக் குடுத்தது?” என்று சூப்பர்வைசர் என்னிடமே கேட்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?

“விடு, நம்ம வீட்டுக்குத்தானே வந்திருக்கு” என்றார் இவர்.

“அப்போ என் முழங்கால் எந்த வீட்டுது?”

இவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 25
ஒன்றுமில்லை.

ஜூலை 2
வெட்டிய துண்டுகளுக்கு எண் ஒட்டிக் கட்டுகிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். அதுவும் நின்றேதான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்துக் கை வேறு ஆட்டுகிறாள். வயிறு எரிகிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 15
நாத்தனார் அறைக் கதவில் நான் எழுதிய அதே தாள். பிய்த்துக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறாள்.

“அடுத்த கட்டப் பயிற்சி வருதாம் அண்ணி. நீங்க படிச்ச அந்தப் புத்தகத்தையும் குடுங்களேன். உங்களுக்கு இனிமே வேணாம்தானே?”

வேண்டாம்தான். எடுத்துக் கொடுத்தேன். நான்காம் அத்தியாயத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன்.