வேறு தொட்டி

பாப்பா அப்பாவுக்கு,

வேலை போகவில்லை, திட்டு மட்டும்தான் விழுந்தது. எங்கள் கல்லூரி சார் ஓடையில் பிடித்த இரண்டு வகைத் தலைப்பிரட்டைகளை ஒரே தொட்டியில் விட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கிப் பார்க்கிறார். தீனி போடுவது நான்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தவரை தீனி இரண்டுக்கும் போதுமாக இருந்தது. சூடு ஏறியதும் பெரிய வகைக்கு அகோரப் பசி வந்துவிட்டது. வேகவைத்த கீரையைப் போட்ட நிமிடமே காலி. சின்னவை கல்லுக்கடியிலேயே ஒதுங்கிக் கிடந்தன. மனசு கேட்காமல் நாலைந்தை எடுத்து வேறு தொட்டியில் விட்டேன். அதுவும் அதே சூட்டுத் தண்ணீர்தான்.

"இன்னாம்மா, எல்லாத்தையும் கெடுத்துக்கினு நிக்கிறியே!" என்றார், சில நாள் கழித்து அதைப் பார்த்த சார். அப்புறம் அந்தத் தொட்டியையே பார்த்தபடி நின்றார். அந்தச் சின்னவற்றுக்குக் கால் முளைத்திருந்தது.

இங்கே விழுப்புரத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அவர் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். பாப்பா கடைசிப் பந்தியில்தான் உட்காருகிறாள்.

திண்டிவனத்தில், கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்தேன். தகரக் கூரை. "வெயிலுக்கு அடுப்பு மாதிரி காயும்மா" என்றார் வீட்டுக்காரம்மா. "பரவால்லங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த லீவுக்குச் சென்னையிலிருந்து வரும்போது விழுப்புரம் வரை வர வேண்டாம். திண்டிவனத்திலேயே இறங்கிவிடுங்கள்.

பாப்பா அம்மா