முக்கால் மீட்டர் மிச்சம்

மார்ச் 2

தையல் மெஷின் ஊசி இன்றும் உடைந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது. ஊசி செய்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் தொழிலில் மரியாதை இல்லை. அடிநூல் வேறு துணிக்குக் கீழே குருவிக்கூடு கட்டியிருந்தது. பிரித்தெடுக்க ஒரு மணி நேரம்.

இவள் எட்டிப் பார்த்தாள். "முனைக்கடை தையல்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னங்க, குறைஞ்சா போயிடுவீங்க?"

யாரிடமும் கேட்டு நான் எதையும் கற்றதில்லை. முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்தவனுக்கு ஒரு முதுகை அளக்கத் தெரியாதா என்றேன்.

"நிலம் அசையாம கெடந்துச்சு, அளந்தீங்க. இது வழுக்கிக்கிட்டு ஓடுதே."

மனைவிக்குப் பதில் சொல்லிப் பயனில்லை என்பதை வேலையில் இருந்தபோதே தெரிந்துகொண்டேன்.

மார்ச் 5

காஜா வந்துவிட்டது. கிழிந்த படுக்கை விரிப்பில் நாற்பது பொத்தான் துளைகள் போட்டுப் பழகினேன். நாற்பத்தொன்றாவதில் ஒரு நூல்கூடத் துருத்தவில்லை. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "விரிப்புக்கு எதுக்குங்க பொத்தான்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 8

தங்கை வந்தாள். இந்த மாதக் கடைசியோடு அவளுக்கும் ஓய்வு. தலைமை நர்ஸ் அல்லவா, மருத்துவமனைக் கூடத்தில் பிரிவு விழாவாம். அன்றைக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டுக்குக் கருநீல வெல்வெட் வாங்கியிருக்கிறாள். எவ்வளவு வாங்க வேண்டும் என்று தையல்காரம்மா துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாளாம்: இரண்டேகால் மீட்டர்.

"போற வழியில அவகிட்ட குடுத்துடுண்ணா. என் அளவெல்லாம் அவகிட்ட இருக்கு."

அவள் போனதும் தாளில் வரைந்து பார்த்தேன். ஒன்றரை மீட்டர் தாராளம். அப்படியென்றால் அந்த முக்கால் மீட்டர் யாருக்கு? தையல்கடைகள் மிச்சத் துணியில் குளிர்காய்வதை இந்தத் தெருவில் வாய்விட்டுச் சொன்னவன் நான் ஒருவன்தான். அவள் காதுக்கும் போயிருக்கும், போகட்டும்.

துணியை நான் கொடுக்கப்போவதில்லை. நானே தைப்பேன். விழாவில் எல்லோரும் மெச்சிய பிறகு, தைத்தது யார் என்று சொல்வேன். முக்கால் மீட்டரையும் துணியோடு வந்த அந்தச் சீட்டையும் ஒன்றாகக் குத்தி மேசைமேல் வைப்பேன்.

"விஷப் பரீட்சைங்க இது," என்றாள் இவள்.

மார்ச் 11

தங்கை எப்போதோ இங்கே விட்டுப்போன பழைய கோட்டை வைத்து அளவெடுத்தேன். வெட்டியாயிற்று. இடது முன்பக்கத் துண்டு மட்டும் எப்படி வைத்தாலும் இடிக்கிறது. தலைகீழாகத் திருப்பினேன் — இரண்டு செங்கல் பொருந்துவதுபோல உட்கார்ந்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரு விரல்கூடப் போகவில்லை.

இதெல்லாம் கடையில் உட்கார்ந்து மிதிக்கிறவர்களுக்கு வராது.

மார்ச் 14

தையல்காரம்மா வழியில் நிறுத்தினாள். "தங்கச்சி துணி இன்னும் வரலையே சார்?"

அவள் மனசை மாற்றிக்கொண்டாள் என்றேன். சின்னப் பொய். விழா முடிந்ததும் சரியாகிவிடும்.

மார்ச் 21

கோட்டு முடிந்தது. காலர் நான்கு முறை பிரித்தது, கை இரண்டு முறை. தோள் மூட்டில் சுருக்கம் இல்லை. ஐந்து காஜாவும் அச்சுப்போல.

ட்யூப் லைட்டுக்கு அடியில் தூக்கிப் பிடித்தேன். "இந்தப் பக்கம் கொஞ்சம் வெளுப்பா இல்ல?" என்றாள் இவள். கண்ணாடியைத் துடைத்துப் போடச் சொன்னேன்.

மார்ச் 24

தங்கை போட்டுப் பார்த்தாள். உடம்போடு ஒட்டி நின்றது. "தையல்காரம்மா கைக்கு எது குடுத்தாலும் தகும்ணா," என்றாள். சிரித்துக்கொண்டேன். இன்னும் ஒரு வாரம்தானே.

மார்ச் 31

கூடத்துக்குள் கோட்டில் ஒன்றும் தெரியவில்லை. படம் எடுக்க எல்லோரையும் வெளியே புல்வெளிக்கு அழைத்தார்கள். வெயில்.

அவளுடைய வலது பக்கம் கருநீலம். இடது பக்கம் சாம்பல் பூத்த நீலம். நடுவில் என் ஐந்து காஜா, எல்லைக் கல் நட்டது மாதிரி.

ஒரு டாக்டர் பையன், "சிஸ்டர், ரெண்டு கோட்டைக் கிழிச்சு ஒண்ணாக்கினீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் காது சிவந்துவிட்டது. ஐந்து வயதிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போகிறார்களாம்.

காரில் கேட்டாள். "அவ என்னண்ணா இப்படிப் பண்ணிட்டா? துணியை மாத்திட்டாளா?"

"அதான் எனக்கும் தோணுது," என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை. வாய் தானாக எதையும் சொல்லாது. நான் சொன்னேன்.

ஏப்ரல் 1

துணியிலேயே குறை இருக்கலாம்.

ஏப்ரல் 3

தங்கை கோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். இவள் காய்கறி வாங்கப் போனவள் பார்த்துவிட்டு வந்தாள்.

"அந்தத் துணியை நான் கண்ணாலயே பாக்கலம்மா"ன்னு தையல்காரம்மா சொன்னாளாம். தங்கை விடவில்லையாம். "எங்கண்ணன் வாயில பொய் வராது"ன்னு தெருவே கேட்கும்படி சொன்னாளாம். கோட்டை அங்கேயே எறிந்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தக் கடையில் சீருடை தைக்கக் கொடுத்திருந்த நர்ஸுகள் எட்டுப் பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இவள் கீரையை ஆய உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் வாயைத் தொறந்தா பொண்டாட்டியே காட்டிக் குடுத்தான்னு ஆயிடும். நீங்களே பாத்துக்குங்க."

ஏப்ரல் 4

சாப்பிடவில்லை. பசி இல்லை என்று எழுதப்போனேன். இருந்தது.

ஏப்ரல் 6

தையல்காரம்மா வீட்டுக்கே வந்தாள், கோட்டோடு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கையைக் குடுங்க சார். இந்தப் பக்கம் மேலேர்ந்து கீழ தடவுங்க. இப்ப அந்தப் பக்கம்."

ஒரு பக்கம் வழுக்கியது. மறு பக்கம் சொரசொரத்தது.

"வெல்வெட்டுக்கு முடி உண்டு சார், பூனை முதுகு மாதிரி. எல்லாத் துண்டையும் முடி ஒரே பக்கம் படுக்குற மாதிரி வெச்சு வெட்டணும். ஒண்ணு தலைகீழாப் போனாலும் வெயில்ல நிறம் மாறிக் காட்டிக் குடுத்துடும். அதுக்குத்தான் முக்கால் மீட்டர் கூடக் கேட்டேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு இல்ல."

கடைசி வரியை மெதுவாகச் சொன்னாள். எல்லாம் அவள் காதுக்குப் போய்த்தான் இருக்கிறது.

பிறகு கோட்டைப் புரட்டி உள்தையலைப் பார்த்தாள். தையல் வளைந்த இடம், அடிநூல் தொங்கிய இடம் எல்லாவற்றிலும் விரல் நின்று நின்று போனது. பொத்தான் பக்கம் வந்ததும், "காஜா மட்டும் நல்லா வந்திருக்கு," என்றாள்.

ஒரு கணம் மனசு குளிர்ந்தது. எட்டுப் பேர் துணியை இழந்தவள் எதிரில் நிற்கிறாள், எனக்கு மனசு குளிர்கிறது. என்ன மனிதன் நான்?

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு மூணு நாள் பாத்தேன் சார்," என்றாள். கோட்டை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 7

தங்கைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். நான்கும் 'அந்தத் துணி' என்றே ஆரம்பிக்கிறது. ஒன்றுகூட 'நான்' என்று ஆரம்பிக்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 8

நேரில் போய்ச் சொன்னேன். நான் தைத்தேன், நான் தலைகீழாக வெட்டினேன், நான் பொய் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவள் கையில் துவைத்த துணி இருந்தது. அதை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

"கோட்டு போனா போகட்டும். எல்லாரும் சிரிச்சாங்க, அதுவும் போகட்டும். உன்னை நம்பி அவளைப் பொய்க்காரின்னு தெருவில வெச்சுச் சொன்னேன்ணா. இப்ப அவ முன்னாடி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

காபி போடட்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. எப்போதும் கேட்பாள்.

ஏப்ரல் 15

தங்கை தொலைபேசியை எடுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போய் ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொன்னாளாம். ஆறு பேர் துணியைத் திரும்பக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கொடுக்கவில்லை. அந்த இரண்டு பேர் என் தலைமேல்தான்.

ஏப்ரல் 20

மிச்சத் துணியை விரித்து, இடது முன்பக்கத் துண்டை முடி பார்த்து நேராக வைத்தேன். நான்கு விரல் குறைகிறது.

சேமித்த முக்கால் மீட்டர், கெடுத்த துண்டைக்கூடத் திருத்தப் போதவில்லை.

ஏப்ரல் 27

முனைக்கடைக்குப் போனேன். ஆட்கள் இருந்தார்கள். காத்திருந்து தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவளை ஏசியது தனியாகவா? உள்ளே போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று. மிச்சத் துணியைத் திருடுகிறாள் என்று நான் ஊதிவிட்டதும் பொய் என்றேன்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. தையல் ஓரம் வரை போய் நூலை அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "தங்கச்சிக்கு வேற கோட்டு வேணும்ல? துணி எடுத்துட்டு வாங்க. நான் வெட்டித் தைக்கிறேன். காஜாவை நீங்க போடுங்க, எனக்குக் கண்ணு வலிக்குது."

எவ்வளவு எடுக்க என்று கேட்டேன்.

"சீட்டு எழுதிக் குடுத்தேனே சார்."

மே 2

தங்கை தொலைபேசியை எடுத்தாள். "நான் இன்னொரு கோட்டு கேட்டனா?" என்றாள். வைத்துவிட்டாளோ என்று நினைத்தபோது, "காலரைச் சின்னதா வைக்கச் சொல்லு," என்றாள்.

மே 4

துணிக்கடைக்குப் போனேன். பழைய சீட்டு மிச்சத் துணியில் குத்தியபடியே இருந்தது. அதை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன். இரண்டேகால் வெட்டினார். அவருக்கு என்னைத் தெரியும். அவர் அளந்ததை என் டேப்பால் மறுபடி அளக்காமல் நான் ஒருநாளும் நகர்ந்ததில்லை. துணியை என் பக்கம் தள்ளிவிட்டு அவராகவே ஒதுங்கி நின்றார்.

டேப் பையில்தான் இருந்தது.

கட்டிக் கொடுங்கள் என்றேன்.