லைட்டும் லைட்வெயிட்டும்

பிப். 9, திங்கள்
காலையிலிருந்து கடல்காற்று. மணமேல்குடி பஸ் தாமதம். ஓட்டமாக ஓடி பெல்லுக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள்.

ஒன்பதாம் வகுப்பில் என் அறிவியல் பாடத்தைப் பார்க்க நிர்வாகம் அனுப்பிய மேடம், திருச்சியிலிருந்து. மிதத்தல் பாடம், ஆங்கிலத்தில். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பிள்ளையின் கேள்வியை அடுத்த வகுப்புக்குத் தள்ளினேன்.

மாலையில் அவர் எழுதிய மதிப்பீட்டுப் படிவத்தின் நகல் கிடைத்தது. அடியில் ஒரே வரி, ஆங்கிலத்தில்: லைட்வெயிட் லெஸன்.

பாரமில்லாத பாடம். அப்பாடா. வரும் வழியில் கால் கிலோ காராபூந்தி.

"என்ன விசேசம் கலா?" என்றார் வீட்டுக்காரர்.

"பாராட்டி எழுதிட்டாங்க."

பிப். 10, செவ்வாய்
கணக்கு டீச்சர் தமிழரசியிடம் படிவத்தைக் காட்டினேன். படித்தாள். மடித்துக் கையில் கொடுத்தாள்.

"இத யார்ட்டயும் காட்டாதீங்க டீச்சர்."

"ஏன்?"

"லைட்டுன்னு இருந்தா எளிமைன்னு அர்த்தம், பரவால்ல. இது லைட்வெயிட்டு. உள்ள சரக்கில்லைன்னு அர்த்தம்."

பாராட்டு என்று இதுவரை சொன்னது: வீட்டுக்காரரிடம், அம்மாவிடம் போனில், வாட்ச்மேன் அண்ணனிடம். கடவுளே.

செல்போனில் அகராதி பார்த்தேன். பெட்டியைச் சொன்னால் புகழ்ச்சி. ஆளைச் சொன்னால் மட்டம். பாடம் எதில் சேர்த்தி?

அடுத்த வருடம் யாருக்கு எந்த வகுப்பு, யார் வேலையில் இருப்பார்கள் என்ற லிஸ்ட் வெள்ளிக்கிழமை. ஏழு வருட வேலை. சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் மிச்சக் காராபூந்தியைத் தின்றுகொண்டிருந்தார். சொல்லவில்லை.

பிப். 11, புதன்
சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரியில் மேடத்தைப் பிடித்தேன்.

"மேடம், லைட்டுன்னு எழுத நெனச்சு அப்படி எழுதிட்டீங்களா?"

கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. லைட்வெயிட்டுன்னுதான் எழுதுனேன். பாடம் லைட்டா இருந்தா எனக்குச் சந்தோசம். ஒங்க பாடத்துல ஆழமில்ல."

கையிலிருந்த படிவத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சுல்ல, ஆணி முங்குது, இரும்புக் கப்பல் மட்டும் எப்படி மெதக்குதுன்னு. நெக்ஸ்ட் கிளாஸ்னுட்டீங்க. பதில் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"பின்ன?"

"தமிழ்ல தெரியும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெல் அடித்துவிட்டது.

பிப். 12, வியாழன்
மூட்டம். தூறல் இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

மூன்றாம் பீரியட், ஒன்பதாம் வகுப்பு. ஒரு வாளித் தண்ணீர், சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாள். தமிழில் ஆரம்பித்தேன். இங்கே ஆங்கிலத்தில்தான் நடத்தவேண்டும், கண்டிப்பான ரூல். நிறுத்தவில்லை.

தாளைப் படகாக மடித்துவிட்டேன். மிதந்தது. அதையே இறுகக் கசக்கி, காற்றில்லாமல் டஸ்டரால் நசுக்கிப் போட்டேன். முங்கியது.

கேள்வி கேட்ட கார்த்திகா எழுந்தாள். "கனம் ஒண்ணுதான மிஸ்? படகா இருந்தா நெறையத் தண்ணிய ஒதுக்குது. அந்தத் தண்ணிதான தூக்கிப் பிடிக்குது?"

அதேதான்! நான் சொல்ல நினைத்ததைவிடத் தெளிவு.

திரும்பினால் வாசலில் பிரின்சிபால் சார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

மதியம் கூப்பிட்டுவிட்டார். "ரூல் தெரியும்ல டீச்சர்?"

"தெரியும் சார். ஆனா இன்னைக்கித்தான் புள்ளைங்களுக்குப் புரிஞ்சுச்சு."

"நாளைக்கி லிஸ்ட்டப் பாருங்க."

இன்று வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். "பாராட்டுன்னு தப்பா நெனச்சுச் சந்தோசப்பட்டியே, அதுக்கு இது தேவல" என்றார்.

பிப். 13, வெள்ளி
லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். பெயர் இருக்கிறது. ஆறு, ஏழாம் வகுப்புக்கு இறக்கியிருக்கிறார்கள். ஒன்பது வேறு ஆளுக்கு.

"வேல இருக்குல்ல, விடுங்க" என்றாள் தமிழரசி. பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை.

ஏப்ரல் வரை ஒன்பது என்னுடையதுதான். ஐந்தாம் பீரியட் உள்ளே போனதும் கார்த்திகா, "அடுத்த பாடமும் தமிழ்ல சொல்வீங்களா மிஸ்?"

"யாரு கேக்குறா?"

"எல்லாரும் மிஸ்."

முன்பெஞ்சுப் பிள்ளை ஒன்று, வெளியே கேட்காமலிருக்கக் கதவைச் சாத்த எழுந்தது. திறந்தே இருக்கட்டும் என்றேன்.